மூன்றாவது வட்டம்

சைக்கிள் கொட்டகையில், சிமெண்ட் மேடை மேல் அந்தப் பெட்டி.
டிபன் டப்பா அளவு. ஆடு வராமலிருக்க ஒரு பூட்டு.
"முப்பது நாட்டுக்காரர்கள் சேர்ந்து பூமி அசைவதைக் கேட்கிறார்கள் சார்,
நாமும் கேட்கலாம்" என்றேன்.
"பேரணாம்பட்டு அசைவதை அவர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?
நமக்கென்ன லாபம்?" என்றார் முதல்வர்.
படிவத்தில் 'பயன்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

முதல் மாதம் வெறும் கிறுக்கல்.
காத்மாண்டுவிலிருந்து பிந்து மகர்ஜன் எழுதினாள்:
தினமும் விடிகாலை நாலு பத்துக்கு
உங்கள் ஊரில் எது சுற்றுகிறது?
எழுந்து நடந்து போய்ப் பார்த்தேன். தோல் ஷாப் டிரம்.
இத்தனை வருடமும் அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன்,
கேட்டதில்லை.
அதைக் கழித்துவிட்டுப் படிக்கும் வழியை அவளே அனுப்பினாள்.
அவள் ஊரில் அது செங்கல் லாரியாம்.

பிறகு அந்த ராத்திரி, இரண்டு நாற்பது.
ஊரே தெருவில். நைட்டி மேல் துப்பட்டா, கைக்குழந்தை, டார்ச்.
பாத்திரம் உருண்டதாம், ஓடு சரிந்ததாம்.
"எங்க மிஸ்? எந்தப் பக்கம்? அணைப் பக்கமா?"

என் பெட்டி அறிந்தது ஒன்றே ஒன்று:
முந்தும் அலைக்கும் பிந்தும் அலைக்கும் நடுவே ஒன்றரை விநாடி.
அதாவது பன்னிரண்டு கிலோமீட்டர்.
திசை அதற்குத் தெரியாது.
வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டேன்.
கோடு பத்தலப்பல்லி சாவடியில் நிற்கவில்லை,
வரிசை கட்டிய லாரிகளைத் தாண்டி ஆந்திரக் காட்டில் நுழைந்து
சுற்றிக்கொண்டு வந்தது.

"லேச்சாரா மேடம்?"
மலைக்கு மேலே பலமநேரிலிருந்து ஓபுலேசு.
முழித்திருக்கிறீர்களா என்று கேட்கும்போதே எண்ணும் வந்துவிட்டது.
நாங்கள் நேரில் பார்த்ததில்லை.
அவர் வட்டம் என் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டியது:
மேற்கே, யானை நடக்கும் காடு.
கிழக்கே, மோர்தானா அணை.

இரண்டில் எது?
வாசலில் டார்ச் வெளிச்சங்கள் என் ஜன்னலையே பார்த்தன.

சிலியில் அப்போது மாலை ஆறரை.
ஆண்டோஃபகாஸ்டாவில் ஹிமேனா பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாள்,
மடியில் மகள், மகள் மடியில் முட்டைக்கோஸ்.
எங்கள் அலைகளைப் போனில் பார்த்துவிட்டாள்.
"குப்பத்தில் ஒரு பெட்டி இருக்கிறதே,
மூன்று மாதமாக அதன் கடிகாரம் தப்பு,
அதனால் கணினி அதை ஒதுக்குகிறது.
இரண்டு அலைக்கு நடுவே உள்ள இடைவெளிக்குக்
கடிகாரம் சரியாக இருக்க வேண்டாமே!"
எண்ணி அனுப்பினாள்: ஐந்தரை விநாடி.
அரை மணி நேரமாகக் குப்பம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.
எங்கள் மலைக்கு அந்தப் பக்கம்தான்.

மூன்றாவது வட்டம் காட்டுப் புள்ளி மேல் வந்து உட்கார்ந்தது.
"அணைப் பக்கம் இல்லை" என்று வெளியே வந்து சொன்னேன்.
"இன்னொரு தடவை வருமா?"
அது தெரியாது என்றும் சொன்னேன்.
பாதிப் பேர் நம்பினார்கள். பாதிப் பேர் விடியும்வரை தெருவில்தான்.

ஏழு மாதம் கழித்து,
பதினொன்றரை மணி, ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு.
பெண்கள் ஊசலை ஆட்டிவிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.
கொட்டகைப் பெட்டி யாரும் உணராத ஒரு நடுக்கத்தை எழுதியது.
பூமியின் நடுவைத் துளைத்துக்கொண்டு
இருபது நிமிடப் பயணம். புறப்பட்ட ஊர் ஆண்டோஃபகாஸ்டா.
அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

என்ன எழுதுவதென்று தெரியாமல்
"லேச்சாரா?" என்று அனுப்பினேன்.
தெலுங்கு அவளுக்குத் தெரியாது.
பிந்து காத்திருந்தாள். ஓபுலேசு காத்திருந்தார்.
ஊசல் எண்ணுகிறவர்களுக்கு நான் கூடுதல் நேரம் கொடுத்தேன்.

பதில் வந்தது:
"மேசைக்கடியில் இருக்கிறேன். மகளும்தான்.
விளக்கு இல்லை.
உன் பக்கம் எத்தனை மணிக்கு வந்தது?
விநாடியோடு சொல்."